புகையிலை நகராட்சி

ஜனவரி 4

நகராட்சியில் கவுன்சிலர் எல்லோருக்கும் டைரி கொடுத்தார்கள். மேலட்டையில் தங்க எழுத்தில் 'வேலுத்தாய் ராஜாங்கம், 17வது வார்டு' என்று போட்டிருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் என் வீட்டுக்காரர் எடுத்து, முதல் பக்கத்தில் யாரோ லாரிக்காரன் போன் நம்பரை எழுதிவிட்டார். பிடுங்கிக்கொண்டேன். மகளிர் வார்டு என்பதால் சீட்டு என் பேரில் கிடைத்தது. வார்டுக்காரர்கள் தேடி வருவது அவரை. ஆபீஸில் போய் உட்காருவது அவர். கையெழுத்து மட்டும்தான் நான். டைரியாவது எனக்கு இருக்கட்டும்.

ஜனவரி 9

இன்று மன்றக் கூட்டம். வடை, காபியோடு மாசா மாசம் நடக்கிற கூத்து. கமிஷனர் எழுந்து, கல்லடிக்கோட்டை நகராட்சி 2040க்குள் 'நிகர பூஜ்ஜியம்' ஆகப்போகிறது என்று தீர்மானம் வாசித்தார். பூமியைச் சூடாக்குகிற வாயுவை நம் ஊர் வெளியே விடுவதைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இல்லாமலே ஆக்கிவிடுமாம். இயக்கத்துக்கு 'புகையிலா நகராட்சி' என்று பெயர். நன்றாகச் செய்தால் டெல்லியில் இருந்து வந்து பார்த்து அவார்டு கொடுப்பார்களாம்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. எழுந்தேன்.

"சார், எங்க வார்டுலதான் குப்பைக்கிடங்கு இருக்கு. அது தெனமும் எரியுது. அந்தப் புகையும் இதுல சேத்தியா?"

சேர்மன் சவுந்தரபாண்டி சிரித்தார். "அக்கா, மொதல்ல கையத் தூக்குங்க. வெவரமெல்லாம் அண்ணனுக்குத் தெரியும்."

அண்ணன் என்றால் என் வீட்டுக்காரர். ஊருக்கே அவர் அண்ணன். பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து, தூக்கு தூக்கு என்று எனக்கு ஜாடை காட்டினார். தூக்கினேன். எல்லோரும் தட்டினார்கள். வடையில் ஊசல் வாடை.

ஜனவரி 17

மகள் கௌசல்யாவுக்கு இராஜபாளையத்தில் அவள் மாமியார் வீட்டில் வளைகாப்பு முடித்து, பிள்ளைப்பேற்றுக்கு வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். இரண்டு கையிலும் வளையல் குலுங்கக் காரில் இருந்து இறங்கினாள். தெருவே வந்து பார்த்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் பார்ப்பதுதான் மரியாதை. சம்பந்தியம்மா மட்டும் காரை விட்டு இறங்கும்போதே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "என்ன மதினி, இப்படி நாறுது?" என்று கேட்டார். பக்கத்தில் யாரோ டயர் கொளுத்துகிறார்கள் என்று சொல்லிச் சமாளித்தேன். கிடங்கு எங்கள் தெருவுக்கு நேர் பின்னால் இருக்கிறது என்பதைப் பெண் கேட்டு வந்த காலத்திலேயே யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

சன்னல் எல்லாவற்றையும் அடைத்தாயிற்று. கதவிடுக்கில் பழைய சேலையைச் சுருட்டி வைத்தேன்.

ஜனவரி 26

சிரித்து வயிறு புண்ணாகிவிட்டது. சிரித்த பிறகுதான் எரிச்சல் வந்தது.

கொடி ஏற்றிய கையோடு சேர்மன் பஸ் ஸ்டாண்டு வாசலில் புதுப் பலகையைத் திறந்து வைத்தார். துணியை இழுத்தார். பச்சைப் பலகை. மரம், சூரியன், சிரிக்கிற குழந்தை எல்லாம் போட்டு, கொட்டை எழுத்தில்: 'கல்லடிக்கோட்டை புகையிலை நகராட்சி உங்களை அன்புடன் வரவேற்கிறது.'

'லா' போட வேண்டிய இடத்தில் 'லை'. பேண்டு வாத்தியம் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முதலில் கண்டுபிடித்துவிட்டன. எங்கள் வார்டில் பெட்டிக்கடை வைத்திருக்கும் பஞ்சவர்ணம் கூட்டத்தில் இருந்து சத்தமாகவே கேட்டாள், "எக்கா, அப்ப என் கட பீடிக்கட்டுல இனிமே நகராட்சி முத்திர குத்திக் குடுப்பாகளா?"

கமிஷனர் முகத்தில் ஈயாடவில்லை. மற்ற வார்டுகளுக்கு அடித்த பலகைகளும் இதே லட்சணம்தானாம். ஒருத்தன் கூடவா படித்துப் பார்க்கவில்லை? பூமியைக் காப்பாற்றக் கிளம்பியவர்கள்!

ஜனவரி 31

பலகைகளைக் கழற்ற மாட்டார்களாம். சேர்மன் ரோசனை சொல்லியிருக்கிறார்: 'புகையிலை'க்குப் பக்கத்தில் 'ஒழிப்பு' என்று ஒரு ஸ்டிக்கர். புகையிலை ஒழிப்பு நகராட்சி. வேலை முடிந்தது.

"அப்ப அந்தப் பூஜ்ஜியம்?" என்று கேட்டேன்.

"பீடி சிகரெட்டும் பொகதானக்கா? அதக் கொறச்சாலும் கொறச்சதுதான்" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். கமிஷனர் அதை எழுதிக்கொண்டார்.

பிப்ரவரி 6

விளையாட்டில்லை. இன்று ஜீப்பில் வந்து பஞ்சவர்ணம் கடைக்குப் பூட்டுப் போட்டுச் சீல் வைத்தார்கள். அவள் தெருவில் உட்கார்ந்து மண்ணை வாரி இறைத்தாள். சீல் வைக்க வந்த அதிகாரிக்குப் பேச முடியவில்லை, அவ்வளவு இருமல். கடைக்குப் பின்னால் கிடங்கு கொழுந்துவிட்டு எரிகிறது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பீடிப்புகை உடம்புக்குக் கெடுதிம்மா" என்று அவளுக்குப் புத்தி சொல்கிறார்.

"ஏன் சார், உங்க இருமல் என் கட பீடியாலயா வருது? திரும்பிப் பாருங்க சார்!" என்று பஞ்சவர்ணம் கத்தினாள்.

அவர் திரும்பவில்லை. அந்த ஆள் கழுத்து அந்தப் பக்கம் திரும்பவே திரும்பாது போல. த்தூ. கவுன்சிலர் என்று பக்கத்தில் நின்ற எனக்கே என்னைப் பார்க்கச் சகிக்கவில்லை.

பிப்ரவரி 7

என் வீட்டுக்காரர் சட்டையில் புகை வாடை, இரண்டு தடவை அலசினேன். கல்யாண வீட்டில் சமையல்கட்டுப் பக்கம் உட்கார்ந்திருந்தாராம். யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்க மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 15

பொறுத்துப் பார்த்துவிட்டு இன்று நானே கிடங்குக்குப் போனேன். ராத்திரி முழுக்கக் கௌசல்யா இருமியிருக்கிறாள். வயிற்றுப்பிள்ளையோடு அவள் இருமுவதைப் பார்க்கிறவளுக்குத்தான் தெரியும்.

பழைய குப்பையைத் தோண்டி, மண் தனி, பிளாஸ்டிக் தனி என்று பிரித்து லாரியில் அனுப்பும் வேலையைக் காண்ட்ராக்டு விட்டிருக்கிறார்கள். குப்பை மேடு எவ்வளவு தணிகிறதோ அவ்வளவு வேலை நடந்ததாக அளந்து பணம் கொடுப்பார்கள். பிரிக்கிற மெஷின் அங்கே நிற்கத்தான் செய்கிறது. அதன் பெல்ட்டில் நாய் படுத்துத் தூங்குகிறது. பிறகு மேடு எப்படித் தணிகிறது? தீயை வைத்தால் தானே தணிகிறது. சாம்பல் ஆன குப்பையைப் பிரித்த குப்பையாக எழுதிவிட்டால் தீர்ந்தது. கேடுகெட்ட பிழைப்பு.

வீரணன் கையில் மண்ணெண்ணெய்க் கேனோடு நின்றான். எங்கள் தெருக்காரன்தான். பிடித்துக்கொண்டேன்.

"ஏண்டா, உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? எம்மக மாசமா இருக்கான்னு தெரியாது ஒனக்கு? எவன்டா உன்னயக் கொளுத்தச் சொன்னது?"

அவன் கேனை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். "என்ன மதினி தெரியாத மாதிரி கேக்குறீக? அண்ணேதான் சொல்லிச்சு. காண்ட்ராக்டுல பங்கு இருக்குல்ல."

எந்த அண்ணன் என்று நான் கேட்கவில்லை. இந்த ஊரில் எல்லாரும் யாருக்காவது அண்ணன்தான்.

பிப்ரவரி 16

மீன் குழம்பு. உப்புப் போட மறந்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

பிப்ரவரி 24

விடியற்காலையில் கௌசல்யாவுக்கு மூச்சுத் திணறிவிட்டது. உதடு நீலம் பாய்ந்துவிட்டது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மூக்கில் குழாய் வைத்து, காற்றுக் கொடுத்து, மத்தியானம்தான் அவள் முகத்துக்கு உயிர் வந்தது. டாக்டரம்மா சின்னப் பொண்ணு, என் மகள் வயசுதான் இருக்கும். என்னை வராண்டாவுக்குக் கூட்டிப்போய், "வயித்துல இருக்கிற குழந்தைக்கும் மூச்சு அவங்ககிட்ட இருந்துதாம்மா போகுது. பிரசவம் வரைக்கும் அந்த வீட்டுல வைக்காதீங்க. என்ன பண்ணுவீங்களோ தெரியாது" என்றாள்.

கமிஷனருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "தானாப் பத்திக்குது மேடம், குப்பைக்குள்ள கேஸ் இருக்கு" என்றார். வேறு யாரை எல்லாம் திட்ட வேண்டுமோ எல்லாரையும் இன்று திட்டிவிட்டேன். சேர்மனை, காண்ட்ராக்டரை, வீரணனை. என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்தார். மகள் தலையைத் தடவிக்கொண்டே நின்றார். கண் கலங்கியிருந்தது.

அழுகிற முகத்தைப் பார்த்தால் எனக்கு ஏன் குமட்டுகிறதோ தெரியவில்லை.

மார்ச் 2

சம்பந்தியம்மா போனில் வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லிவிட்டார். "மதினி, முறை பெருசா, உசுரு பெருசா? ஏழாந்தேதி காரு வருது. புள்ளைய அனுப்பிவச்சிருங்க." தலைப்பிள்ளைக்காரியைப் பாதியில் திருப்பி அனுப்பினால் ஊர் என்ன பேசும்? பெற்ற மகளுக்குச் சோறு போட வக்கில்லை என்று பேசும். பேசட்டும். ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள்தானே, தீயை மட்டும் நிறுத்தினால் போதுமே என்று நினைத்துக்கொண்டே வெங்காயம் உரித்தேன்.

சாயந்திரம் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கௌசல்யா வந்து நின்றாள்.

"அப்பா சட்டைய வீட்டுக்குள்ள கொண்டாராதம்மா. அத மோந்தாலே எனக்கு இழுக்குது."

"கல்யாண வீட்டுல..."

"எம்மா." என் கையைப் பிடித்தாள். "உனக்குத் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லு."

"போய்ப் படு. ஈரக்காத்து" என்றேன்.

மார்ச் 5

நாளைக்கு டெல்லி கமிட்டி வருகிறது. கிடங்கைச் சுற்றிப் பச்சை வலை கட்டிவிட்டார்கள். முன்னால் வரிசையாகப் பூந்தொட்டி. தீயை அணைக்க எங்கள் வார்டுக் குடிதண்ணீர் லாரியை விட்டிருக்கிறார்கள், அதனால் குழாயடியில் சண்டை. நாயை விரட்டிவிட்டு மெஷினை ஓட்டிப் பார்த்தார்கள்.

நான் பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். 'எங்கள் வார்டு மக்கள் தூய காற்றைச் சுவாசித்து மகிழ்ச்சியுடன் வாழ்கிறார்கள்.' என் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து என்னைப் படிக்கச் சொல்லி மூன்று தடவை கேட்டார். 'சுவாசித்து' என்று வரும்போது உள் அறையில் கௌசல்யா இருமினாள். "அங்க கொஞ்சம் நிறுத்திப் படி, நல்லாருக்கும்" என்றார்.

கல்லை விழுங்கிவிட்டும் ஏப்பம் விடுவார் இந்த மனுசர்.

மார்ச் 6

எழுதியே தீர வேண்டும்.

கமிட்டியில் இரண்டு பேர். வெள்ளைத் தாடி வைத்த பெரியவர் ஒருவர், பருத்திச்சேலை கட்டிய அம்மா ஒருவர். தமிழ் ஒரு சொல் தெரியாது. கமிஷனர்தான் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தார். மாலை போட்டார்கள், இளநீர் கொடுத்தார்கள். மெஷின் ஓடிற்று. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது பச்சை வலைக்குப் பின்னால் இருந்து புகை எழுந்தது. என்ன தண்ணீர் ஊற்றினாலும் அடியில் கனிந்துகொண்டுதானே இருக்கும்? அந்தம்மா கையை நீட்டி ஏதோ கேட்டார். கமிஷனர் வழிந்தார். அந்தம்மா அவரை விட்டுவிட்டு நேராக என்னிடம் வந்து கேட்டார். கமிஷனர் தமிழில் சொன்னார், "மேடம், இங்க புகை உண்டான்னு கேக்குறாங்க. அந்தத் தாள்ல இருக்கிறத மட்டும் சொல்லிருங்க."

தாளைப் பிரித்தேன். எதிரே என் வீட்டுக்காரர் வெள்ளை வேட்டியில் நிற்கிறார், படி படி என்று தலையை ஆட்டுகிறார். சனங்களுக்குப் பின்னால், முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி கௌசல்யா நிற்கிறாள். வர வேண்டாம் என்று சொல்லியும் வந்திருக்கிறாள். தாளைச் சுருட்டிக் கீழே போட்டேன்.

"அம்மா, புகை உண்டு. அதுக்குக் காரணம் வெளியாளு இல்ல. என் வீட்டுக்காருதான். அந்தா நிக்கிறாரே, அவருதான். பொண்டாட்டி நான் சொல்றேன். எம்மக மாசமா இருக்கா, அவளால மூச்சு விட முடியல. இதுக்கு ஒரு முடிவு கட்டுங்க."

என் வீட்டுக்காரர் முகம் செத்துப்போயிற்று. என் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. கமிஷனர் பக்கத்தில் இருந்த நகராட்சிப் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கடகடவென்று இங்கிலீஷில் சொன்னார். அந்தம்மாவின் கண் கலங்கிவிட்டது. என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பெரியவர் போய் என் வீட்டுக்காரர் தோளைத் தட்டிக் கொடுத்தார். இரண்டு பேரும் கை தட்டினார்கள். தீ வைத்தவனுக்கு எதற்குத் தட்டிக்கொடுக்கிறார்கள் என்று முழித்துக்கொண்டு நின்றேன். கார் போய்விட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு கௌசல்யாதான் சொன்னாள். அவள் இங்கிலீஷில் படித்தவள்.

"அப்பா ரொம்ப வருசமா சிகரெட் குடிச்சாராம். மக மாசமா இருக்கா, அவளுக்கு ஆகாதுன்னு சொல்லி நீ விட வச்சுட்டியாம். புகையிலை ஒழிப்ப நீ உன் வீட்டுல இருந்தே ஆரம்பிச்சியாம். அப்படித்தான் சொன்னாரு அந்தாளு. நான் கிட்ட வந்து சொல்லிரலாம்னு பாத்தேன். இருமல் வாயத் தொறக்க விடலம்மா."

என் வீட்டுக்காரர் பிறந்ததில் இருந்து ஒரு பீடியைக் கையால் தொட்டவர் இல்லை.

அவர் அப்போதுதான் உள்ளே வந்தார். என்னைக் கைநீட்டி அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கௌசல்யா சொன்னதைக் கேட்டுவிட்டு, சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நல்ல வேள, கமிஷனரு கெட்டிக்காரரு. ஏன்டி, ஒரு நிமிசத்துல குடும்பத்தையே கவுத்துருப்பியே! காபி போடு."

அவர் அடித்திருந்தால் கூட நான் இந்த வீட்டில் இருந்திருப்பேன்.

மார்ச் 7

இராஜபாளையத்துக் கார் வந்தது. கௌசல்யா பையோடு என் பையையும் ஏற்றினேன். சம்பந்தியம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்து இடம் விட்டார். சம்பந்தி வீட்டில் போய் உட்கார்ந்து தலைப்பிரசவம் பார்த்த தாய் எங்கள் சாதி சனத்தில் நான்தான் முதல் ஆளாக இருப்பேன். என் வீட்டுக்காரர் வாசலில் நின்று, "எப்ப வருவ? அடுத்த மாசக் கூட்டம் இருக்கு" என்றார். மகளிடம் ஒரு வார்த்தை இல்லை.

மார்ச் 15

இங்கே சன்னலைத் திறந்து வைத்துத் தூங்குகிறோம்.

ஏப்ரல் 2

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். பிறந்ததும் வீல் என்று கத்தினாள், ஆஸ்பத்திரி கேட்க. நான் சுவரில் சாய்ந்து அழுதேன். நர்சு, "பொம்பளப் புள்ளன்னா அழுகுறீங்க?" என்று கோபித்துக்கொண்டாள். அவளுக்கு என்ன சொல்வது?

அவருக்கு மாப்பிள்ளைதான் போன் செய்தார். வருகிறேன் என்றாராம்.

ஏப்ரல் 10

சேர்மன் போன். "அக்கா! அவார்டு நமக்குத்தான்! அதோட, சிறந்த பெண் கவுன்சிலர்னு ஒங்களுக்குத் தனியா ஒண்ணு. ஒங்க பேச்சக் கேட்டு அந்தம்மா உருகிப்போச்சாம். வர்ற பதினேழாம் தேதி சென்னையில விழா."

"குப்ப எரியுதா?" என்று கேட்டேன்.

"அத விடுங்கக்கா."

"எரியுதா, இல்லையா?"

"அது எரியத்தான செய்யும்? நீங்க என்ன சேல கட்டுறீங்கன்னு சொல்லுங்க, பச்சையில கட்டுனா நல்லாருக்கும்னு கமிஷனரு சொன்னாரு."

போனை வைத்துவிட்டேன். பேத்திக்கு அதே பதினேழாம் தேதிதான் தொட்டில் போடுவதாக நாள் குறித்திருக்கிறார்கள். அவருக்கு நானே போன் போட்டுச் சொன்னேன், தாய்வழித் தாத்தா வந்து நிற்க வேண்டும், வேறு எங்கும் போகக் கூடாது என்று. "பாப்பம்" என்றார்.

ஏப்ரல் 17

தொட்டில் போட்டாயிற்று. சம்பந்தி வீட்டுச் சனம் கூடம் நிறைய. தாத்தா எங்கே, தாத்தா எங்கே என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். வந்துவிடுவார் என்று கௌசல்யா சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் இன்னும் எதிர்பார்த்தாள், பாவி மகள். நல்ல நேரம் முடியப்போகிறது என்றதும் சம்பந்தியம்மாவே பிள்ளையைத் தொட்டிலில் போட்டார்.

பந்தி நடந்துகொண்டிருக்கும்போது மாப்பிள்ளையின் தம்பி போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். "அத்தே, மாமா லைவ்ல வர்றாரு!"

மேடையில் என் வீட்டுக்காரர். பட்டு வேட்டி. என் பெயர் போட்ட கேடயத்தை அவர்தான் வாங்குகிறார். மைக்கைக் கொடுத்தார்கள். "எம்பேத்தி பொறக்கப்போகுதுன்னு என் சம்சாரம் ஒரு வார்த்த சொல்லுச்சு. அன்னைக்கே பொகைய விட்டுட்டேன்" என்றார். குரல் தழுதழுத்தது. அந்த டெல்லி அம்மா எழுந்து நின்று தட்டினார்.

இங்கே கூடத்திலும் தட்டினார்கள். பந்தியில் இருந்த ஒரு கிழவி என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்து, "மனுசனத் திருத்திட்டியே தாயி! என் வீட்டுக் கெழவனும் ஒருத்தன் இருக்கானே!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சம்பந்தியம்மா முகத்தில் கூடப் பெருமை.

கௌசல்யாவைப் பார்த்தேன். தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அன்றைக்குத் துணிக்கொடியடியில் பார்த்த பார்வை.

"அவரு பீடி குடிச்சதே இல்ல" என்றேன். "எங்க வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற குப்பைக்கு ஆளு வச்சுத் தீ வச்சது அவருதான். இந்தப் புள்ள வயித்துல இருக்கையில, தெனமும். எனக்குத் தெரியும். இப்பவும் எரியுது."

பந்தியில் சாம்பார் ஊற்ற வந்த பையன் வாளியோடு நின்றுவிட்டான். போனில் மட்டும் கைதட்டல் கேட்டுக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை அதை வாங்கி அணைத்தார்.

சம்பந்தியம்மா எழுந்து வந்து பேத்தியைத் தொட்டிலில் இருந்து எடுத்து, மார்போடு அணைத்துக்கொண்டார்.

"மதினி, தப்பா நெனச்சுக்காதீக. அந்த வீட்டு வாசப்படிய இந்தப் புள்ள மிதிக்காது."

"மிதிக்க வேணாம்" என்றேன். "நானும் மிதிக்கப் போறதில்ல."